குழந்தையின் துடிப்பும் சீனத்துக் கஷாயமும்

குழந்தையின் இதயம் பெரியவர்களுடையதைவிட வேகமாகத் துடிக்கும். பிறந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 120, 140 என்று ஓடுவது இயல்பு. அழுகையில் 180-ஐத் தொட்டாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வயதில் அது 70-க்கும் 110-க்கும் இடையே வந்து நிற்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் பிள்ளைகளிடம் சகஜம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பவருக்கு ஒழுங்கு தப்பியதுபோலத் தோன்றும். ஆனால் அது நரம்புகள் நன்றாக வேலை செய்வதன் அடையாளம். இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி விழுவதும் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் பலருக்கு உண்டு. ஓடியாடும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

கவனிக்க வேண்டிய கோளாறுகள் வேறு. பிள்ளைகளை அதிகம் படுத்துவது, இதயத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. சிசுவுக்கு 220-க்கு மேல், வளர்ந்த பிள்ளைக்கு 180-க்கு மேல் என்று திடீரென ஏறும், திடீரென இறங்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை இருப்பது இதற்கு ஒரு முக்கியமான காரணம். அரிதானது, ஆனால் பயப்பட வேண்டியது க்யூடி நீட்சி. இதயச் செல்களின் சவ்வில் பொட்டாசியமும் சோடியமும் போய்வரும் வாசல்களில் மரபுப் பிழை இருப்பதால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. நீந்தும்போதோ, அலாரம் திடீரென அலறும்போதோ பிள்ளை மயங்கி விழுவது இதன் குறி. தாயின் ரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவிலேயே மின்கடத்தும் பாதையைக் கெடுத்து, மேலறையின் கட்டளை கீழறைக்குப் போய்ச் சேராமல் செய்துவிடுவதும் உண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசை அழற்சி கண்டு துடிப்பு தடுமாறுவது இன்னொரு வகை. சீனத்துக் குழந்தை மருத்துவ ஏடுகளில் இந்தக் கடைசி வகைக்குத்தான் பெரிய இடம்.

ஆக, “துடிப்பு சரியில்லை” என்ற ஒரே பேச்சுக்குள் கண்டுகொள்ளாமல் விடத்தக்கதும் உயிரைப் பறிக்கக்கூடியதும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஈசிஜி இல்லாமல் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மூலிகைப் பேச்சை எடுக்கும் முன் இது மனத்தில் இருப்பது நல்லது. ஏனென்றால், தானாகவே அடங்கப்போகும் துடிப்புக்கு எந்தக் கஷாயத்தைக் கொடுத்தாலும் அது கேட்ட மாதிரிதான் இருக்கும்.

நாடி பார்த்தவர்கள்

சீன மருத்துவத்தில் இதயம் ரத்த நாளங்களை ஆள்வது. மனம் குடியிருக்கும் இடமும் அதுவே. அதனால் படபடப்பு, திடுக்கிடல், தூக்கமின்மை மூன்றும் ஒரே குடும்பத்து நோய்களாக அங்கே எண்ணப்படுகின்றன. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாங் ஷுஹ எழுதிய நாடி நூல் 24 வகை நாடிகளை வகுக்கிறது. மெதுவாக ஓடி ஒழுங்கில்லாமல் நின்று நின்று போவது ஒன்று, விரைவாக ஓடி அப்படியே நிற்பது ஒன்று, கணக்கு வைத்தாற்போல் குறிப்பிட்ட இடைவெளியில் விட்டுப்போவது ஒன்று என்று அதில் பிரிவுகள் உண்டு. கருவி எதுவும் இல்லாமல், மூன்று விரலை மட்டும் வைத்துக்கொண்டு செய்த வகைப்பாடு என்று பார்த்தால் சாதாரண வேலை இல்லை.

குழந்தைகளிடம் இந்த முறை அப்படியே செல்லாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்க இடம் இல்லை. அழுகிற பிள்ளையின் நாடியிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆகவே மூன்று வயதுக்குக் கீழே நாடியை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தெரியும் மெல்லிய நாளத்தின் நிறத்தையும் ஆழத்தையும் பார்க்கும் வழக்கம் வந்தது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரே விரலால் நாடி பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு மூச்சுக்கு நாலைந்து துடிப்பு என்றால் பிள்ளைக்கு ஆறேழு என்பது கணக்கு.

சீனத்துக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படுபவர் சியென் யீ. சோங் வம்ச காலத்தவர். 11-ஆம் நூற்றாண்டில் பிறந்து 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் 1119-ல் தொகுக்கப்பட்ட நூலில், பிள்ளைகளின் உறுப்புகள் இன்னும் முற்றாதவை, நோய் அவர்களிடம் சட்டென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புரண்டுவிடும் என்ற கருத்து அடிநாதமாக ஓடுகிறது. அவர் செய்த காரியம் ஒன்று இன்றைக்கும் எடுத்துச் சொல்லத்தக்கது. பெரியவர்களுக்கென்று இருந்த எட்டு சரக்கு மாத்திரை ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் திருத்தியபோது, அதிலிருந்து இரண்டு சரக்குகளை அவர் எடுத்துவிட்டார். ஒன்று லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. மற்றது ஃபூசி, அதாவது நாவிக் கிழங்கின் சீன உறவு. மிஞ்சிய ஆறு சரக்கு மாத்திரைதான் லியூவெய் டிஹுவாங் என்ற பெயரில் இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. சூட்டை எழுப்பும் சரக்கு பிள்ளைக்கு வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன நியாயம். நாவியின் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும் என்ற இன்றைய அறிவு அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை; ஆனால் எடுத்ததென்னவோ எடுக்க வேண்டியதைத்தான்.

பேர்பெற்ற கஷாயமும் அதன் அதிமதுரமும்

தடுமாறும் துடிப்புக்குச் சீனர்கள் முதலில் நினைப்பது ஜி கான் சாவ் தாங். கி.பி. 200-ஐ ஒட்டி சாங் ஜோங்சிங் தொகுத்த ஷாங் ஹான் லுன் நூலில் வருவது. நாடி நின்று நின்று போய், இதயம் படபடக்கிறவருக்கு என்று அதன் பயனை நூல் தெளிவாகவே குறிக்கிறது. நாடியை மீட்கும் கஷாயம் என்றே இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. தேனில் வறுத்த அதிமதுரம், ஜின்செங், லவங்கப்பட்டை மரத்துக் கொம்பு, இஞ்சி, 30 சீன இலந்தைப் பழம், ரெஹ்மானியா கிழங்கு, ஓஃபியோபோகன் கிழங்கு, சணல் விதை, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை ஆகிய ஒன்பதும் சேரும். வெறும் தண்ணீரில் இல்லை, அரிசி மதுவும் தண்ணீரும் கலந்து காய்ச்ச வேண்டும். பசையைக் கடைசியில்தான் கரைப்பார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் துடிப்பு தப்பும் பிள்ளைகளுக்குச் சீன மருத்துவமனைகளில் இதையும், ஜின்செங்–ஓஃபியோபோகன்–ஷிசாண்ட்ரா மூன்றும் சேர்ந்த ஷெங் மாய் என்ற சூத்திரத்தையும் கூட்டியும் குறைத்தும் எழுதுகிறார்கள். அளவுக்கு ஒரு வாய்ப்பாடு பாடநூல்களில் உண்டு: பிறந்த சிசுவுக்குப் பெரியவர் அளவில் ஆறில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்கு மூன்றில் ஒன்று, சிறுபிள்ளைக்குப் பாதி, பள்ளிப் பிள்ளைக்கு மூன்றில் இரண்டு அல்லது முழு அளவு. உடல் எடை, சிறுநீரகத்தின் முதிர்ச்சி எதையும் பாராத கணக்கு இது. நஞ்சில்லாத சரக்குக்குப் பரவாயில்லை. இதயத்தைத் தொடும் சரக்குக்கு இது போதாது.

இந்தக் கஷாயத்தின் தலைச்சரக்கு அதிமதுரம் என்பதில்தான் சிக்கல். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் இருக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. கார்ட்டிசால் என்ற சுரப்பை அங்கே செயலிழக்கச் செய்வது அந்த நொதியின் வேலை. அது முடங்கினால் கார்ட்டிசால், உப்பைப் பிடித்துவைக்கும் வேறொரு சுரப்பின் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். உடலில் சோடியம் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் க்யூடி இடைவெளி நீளும். கீழறைகளில் கட்டுக்கடங்காத துடிப்பு கிளம்பவும் கூடும். துடிப்பைச் சீராக்கப் போன மருந்தே துடிப்பைக் குலைக்கும் வழி இது. நாலு நாள் இருமலுக்கு வாயில் ஒரு துண்டு அதிமதுரம் அடக்கிக்கொள்வதால் இது வந்துவிடாது. வாரக்கணக்கில், கிராம் கணக்கில் குடிக்கும்போதுதான் வரும். ஆனால் பிறவியிலேயே க்யூடி நீண்ட பிள்ளைக்கும், நீர் பிரிக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. சீனச் சூத்திரங்கள் பலவற்றில் மற்ற சரக்குகளைச் சமன்செய்ய அதிமதுரம் சேர்வதால், “இதில் அதிமதுரம் எவ்வளவு?” என்று கேட்பது இதய நோயுள்ள பிள்ளைக்கு எந்தக் கஷாயத்துக்கும் பொருந்தும் கேள்வி.

வேலை செய்யும் செடிகள்

மூலிகையால் துடிப்பைத் திருத்தவே முடியாது என்று அடித்துப் பேசுபவர்கள் இதய மருந்துகளின் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். 1785-ல் வில்லியம் விதரிங் எழுதிவைத்த ஃபாக்ஸ்குளோவ் செடியின் இனத்திலிருந்து வந்ததுதான் குழந்தை மருத்துவர்கள் இன்றும் எழுதும் டிகாக்சின். சின்கோனா மரப்பட்டையிலிருந்து குவினிடின் வந்தது. துடிப்புக் கோளாறுக்கு எழுதும் அமியோடரோனின் மூதாதை, எகிப்தில் சிறுநீரகக் கல்லுக்குக் குடித்துவந்த ஒரு விதையில் உள்ள கெல்லின். செடிக்கு வேலை செய்யத் தெரியும். தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது.

சீனத்திலும் அப்படிச் செடிகள் உண்டு. கூஷென் என்ற கசப்பு வேரில் உள்ள மேட்ரின், ஹுவாங்லியன் கிழங்கில் உள்ள பெர்பெரின் இரண்டும் இதயச் செல்லின் அயனி வாசல்களைத் தொடுபவை. சீன மருந்துக் கடைகளில் துடிப்புக் கோளாறுக்கென்றே கிடைக்கும் வென்சின் குருணை மருந்தில் ஐந்து சரக்குகள். அவற்றில் கான்சோங் என்பது வேறு எதுவுமில்லை, நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சில்தான். இமயமலைச் சரிவில் விளையும் இந்தச் செடியைச் சீனர்களும் சித்த வைத்தியர்களும் மருந்தாகக் கையாண்டிருக்கிறார்கள். வென்சின் மருந்து நாயின் இதய மேலறைகளில் சோடியம் வாசல்களை அடக்குவதாக அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று 2012-ல் கண்டது. ஆகவே இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்தவை. அவற்றில் பலவும் சிறியவை. வைரஸால் வரும் இதயத் தசை அழற்சிக்கான சீன மூலிகைகளைப் பற்றிய சோதனைகளை எல்லாம், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு அலசிப் பார்த்தது. சில மூலிகைகளால் துடிப்புத் தடுமாற்றம் குறைவதாகத் தெரிந்தாலும், சோதனைகள் நடத்தப்பட்ட தரத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று முடித்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு, எத்தனை நாள், எந்த மருந்தோடு சேர்க்கக்கூடாது என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை.

பெர்பெரின் கதை சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். பிறந்த சிசுவின் “கருவில் தங்கிய சூட்டை” இறக்க ஹுவாங்லியன் கஷாயம் புகட்டும் வழக்கம் சீனக் குடும்பங்களில் இருந்தது. பெர்பெரின், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிரூபினைப் பிடுங்கி விடுவதால் மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கும் அபாயம் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைந்த சிசுக்களுக்கு அந்த அச்சம் இன்னும் கூடுதல். சிங்கப்பூர் 1978-ல் பெர்பெரினைத் தடைசெய்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் எச்சரிக்கைகளோடு தளர்த்தியது.

இனி, இதயத் துடிப்பில் கோளாறுள்ள பிள்ளையின் பக்கத்திலேயே வரக்கூடாத சரக்குகள். முதலில் நாவி இனம். அதன் அகோனைட்டின், சோடியம் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. நாக்கு மரத்துப்போய், வாந்தி எடுத்து, சில மணி நேரத்துக்குள் கீழறைத் துடிப்பு வெறிபிடித்து ஓடும். நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் நஞ்சு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கொதி நேரம் குறைந்துபோன வீட்டுக் கஷாயங்களால் நடந்த நஞ்சேற்றங்கள் ஹாங்காங் மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. அடுத்தது மா ஹுவாங். இருமலுக்கும் இளைப்புக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கஷாயங்களில் மிக இயல்பாக வந்து நிற்பது. அதிலுள்ள எபிட்ரின் துடிப்பை ஏற்றும் என்பதைப் பெய்ஜிங்கில் 1920-களில் சென் கோ-குவெய் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அமெரிக்கா 2004-ல் உணவுத் துணைப்பொருள்களில் அதைத் தடைசெய்தது. இதயக் கோளாறுக்கு என்று யாரும் மா ஹுவாங் கொடுப்பதில்லை. சளிக்கு என்று கொடுக்கும்போதுதான் அது இதயத்துக்குப் போய்ச் சேருகிறது.

மூன்றாவது, பெரும்பாலான பெற்றோர் சந்தேகிக்காதது. லியூ ஷென் வான் என்ற கடுகளவுக் கருப்பு மாத்திரை தொண்டைக் கரகரப்புக்குச் சீன வீடுகளில் தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவருவது. அதில் தேரையின் தோல் சுரப்பைக் காயவைத்த சான் சூ சேர்கிறது. சான் சூவில் இருக்கும் பொருள்கள் டிகாக்சினின் நெருங்கிய உறவினர். இதயச் செல்லில் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன. டிகாக்சின் சாப்பிடும் பிள்ளைக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பது டிகாக்சினை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். தேரை நஞ்சேறியவர்களுக்கு டிகாக்சின் முறிமருந்தையே கொடுத்துப் பிழைக்கவைப்பதிலிருந்து அந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்று புரியும். நான்காவது ஜூஷா, நம் மருந்துக் கடைச் சாதிலிங்கம். திடுக்கிட்டு அழும் பிள்ளைக்கு மனத்தை அமைதிப்படுத்த என்று பழைய சூத்திரங்களில் சேர்ந்தது. பாதரசமும் கந்தகமும் கூடிய தாது. பிள்ளைக்குப் பாதரசம் கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

கெஷான்: பதில் தானியத்தில் இருந்தது

சீனத்தில் பிள்ளைகளின் இதயத்துக்கு உண்மையிலேயே பெரும் நன்மை செய்தது எது என்று கேட்டால், பதில் மூலிகைப் பெட்டியில் கிடைப்பதில்லை. 1935-ன் குளிர்காலத்தில் வடகிழக்கு மாகாணமான ஹெய்லோங்ஜியாங்கின் கெஷான் வட்டாரத்தில் ஆட்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும், துடிப்பு தடுமாறும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். இதயத் தசையில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் செத்த பகுதிகள் காணப்பட்டன. பிறகு தேடிப் பார்த்தபோது, வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை குறுக்கே ஓடும் ஒரு பட்டை முழுக்க இதே நோய் இருந்தது. பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அதுவும் சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டுமே உண்ணும் உழவர் குடும்பங்களில்.

அந்தப் பட்டையின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது தானியத்திலும் இல்லை, அதை உண்டவரின் முடியிலும் இல்லை. 1974-ல் சிச்சுவான் மாகாணத்தின் மியன்னிங் வட்டாரத்தில் சோதனை தொடங்கியது. 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 0.5 மில்லிகிராம், 6 முதல் 9 வயதுக்கு 1 மில்லிகிராம் என்று சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தார்கள். மற்றொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. அந்த ஆண்டு வெற்று மாத்திரை சாப்பிட்ட 3,985 பிள்ளைகளில் 54 பேருக்கு நோய் வந்தது. செலினியம் பெற்ற 4,510 பேரில் 10 பேருக்குத்தான். அடுத்த ஆண்டும் அதே கதை. 1976-ல் ஒப்பீட்டுக் குழுவையே கலைத்துவிட்டு எல்லோருக்கும் செலினியம் கொடுத்தார்கள். மேலும் ஒரு குழுவை வெறுமனே விட்டுவைப்பது அறமாகப் படவில்லை.

கதை அதோடு முடியவில்லை. நோய் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியது. செலினியக் குறைவு மட்டும் காரணம் என்றால் அப்படி இருக்கக்கூடாது. காக்ஸாக்கி வைரஸ் ஒன்று கூட இருப்பது தெரியவந்தது. 1990-களில் மெலிண்டா பெக்கும் ஆர்வில் லெவாண்டரும் இதயத்துக்கு ஒன்றும் செய்யாத ஒரு காக்ஸாக்கி வைரஸைச் செலினியம் இல்லாத தீனி தின்ற எலிகளுக்கு ஏற்றினார்கள். வைரஸின் மரபுப் பொருளே மாறி, இதயத்தைத் தாக்கும் வைரஸாக வெளிவந்தது. உணவுக் குறை, ஆளைப் பலவீனப்படுத்துவதோடு நிற்காமல் கிருமியின் குணத்தையும் மாற்றிவிடும் என்று காட்டிய சோதனை அது. வெளியூர்த் தானியமும் இறைச்சியும் கடைக்கு வரத் தொடங்கிய பிறகு கெஷான் நோய் அங்கே அரிதாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டுச் செலினியம் மாத்திரை வாங்க ஓடுபவர்கள் அதே நாட்டின் ஹுபெய் மாகாணத்து என்ஷியையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மண்ணிலும் நிலக்கரியிலும் செலினியம் மிதமிஞ்சிக் கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பயிர் பொய்த்து வேறு வழியில்லாமல் அந்த மண்ணில் விளைந்த கீரையையும் சோளத்தையுமே தின்ற கிராமங்களில் முடி கொத்தாக உதிர்ந்தது, நகம் கழன்றது. போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு. பலவகை உணவு உண்ணும் பிள்ளைக்கு மீன், முட்டை, இறைச்சி, முழுத்தானியம் இவற்றிலிருந்தே போதிய செலினியம் கிடைத்துவிடும். விதிவிலக்கு, வலிப்பைக் கட்டுப்படுத்தக் கீட்டோ உணவில் இருக்கும் பிள்ளைகள். கொழுப்பே பிரதானமான அந்த உணவில் செலினியம் குறைந்து இதயத் தசை கெட்டதும், க்யூடி நீண்டதும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையோடு செலினியம் கொடுப்பார்கள்.

உணவே இதயத்தைத் தாக்கிய கதையும் சீனத்தில் உண்டு. யுன்னான் மாகாணத்து மலைக் கிராமங்களில் 1970-களின் பிற்பகுதி தொடங்கி முப்பது ஆண்டுகளில் சுமார் 400 பேர், மழை மாதங்களில் மட்டும், திடீரென விழுந்து இறந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன கொடுமையும் நடந்தது. கடைசியில் விரல் நீட்டப்பட்டது, விற்க லாயக்கில்லை என்று பறிப்பவர்கள் வீட்டுக் குழம்பில் போட்டுக்கொண்ட ஒரு சின்ன வெள்ளைக் காளானை நோக்கி. டுரோஜியா வெனநேட்டா என்று அதற்குப் பெயரும் வந்தது. அதைத் தின்னாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்ன பிறகு சாவுகள் அடங்கின.

அன்றாடத் தட்டில்

துடிப்புக் கோளாறுள்ள பிள்ளைக்கு என்று தனி உணவுப் பட்டியல் எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. முக்கியமானது பொட்டாசியமும் மக்னீசியமும் குறையாமல் இருப்பது. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை, பயறு வகை, நிலக்கடலை, எள் என்று சாதாரணச் சமையலிலேயே அவை உண்டு. குறைவது பெரும்பாலும் வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும்தான். க்யூடி நீண்ட பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு–சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே வாந்திக்கும் தொற்றுக்கும் எழுதப்படும் சில மருந்துகளும் க்யூடியை நீட்டுபவை என்பதால், பிள்ளையின் கோளாற்றின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பொட்டாசியம் மிஞ்சினாலும் இதயம் நிற்கும். ஸ்பைரனோலாக்டோன், கேப்டோபிரில் போன்ற, பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளைச் சாப்பிடும் பிள்ளைக்குப் பொட்டாசியம் மிகுந்த இளநீரையே மருந்தாக்கி ஊற்றக்கூடாது. சீனத்தில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பரவலாக விற்கும் மாற்று உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. தாத்தாவுக்காக வாங்கிய அந்த உப்பு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டியில் சமைக்கும்போது பேரனின் கணக்கிலும் சேர்ந்துவிடும்.

மருந்தும் உணவும் மோதும் இடங்கள் சில. துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் சாப்பிடும் சிசுவுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதனால் பால் குடித்த வயிற்றில்தான் மருந்து. குழந்தை குடிக்க மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பது பத்து மூலிகையைவிடப் பெரிது. தவிடும் நார்ச்சத்தும் மிகுந்த சாப்பாட்டோடு டிகாக்சினைக் கொடுத்தால் அது உடலில் சேர்வது குறையும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் பிள்ளைக்குக் கீரை கூடாது என்பதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் சரி. ஆனால் சீன மருத்துவத்தில் ரத்தத்தை ஓடவைக்க எழுதும் டான்ஷென் வேர் வார்ஃபரினின் வீரியத்தை ஏற்றி ரத்தக்கசிவை உண்டாக்கும். இலையுதிர்கால விழாவில் சீன வீடுகளில் உரிக்கப்படும் பம்ப்ளிமாஸும், அதன் கலப்பில் பிறந்த கிரேப்ஃப்ரூட்டும் அமியோடரோன் முதலிய மருந்துகள் உடலில் சிதைவதைத் தடுக்கும். க்யூடி நீண்டவர்களிடம் கிரேப்ஃப்ரூட் சாறு அதை மேலும் நீட்டுவதும் அளந்து காணப்பட்டிருக்கிறது. கடுந்தேநீர், காபி, அவற்றைவிட மோசமான எனர்ஜி பானங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். எனர்ஜி பானத்துக்குப் பிள்ளைகளின் உணவில் இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது.

சீன உணவு மருத்துவத்தில் பிள்ளையின் மனத்தைத் தணிக்கும் என்று சொல்லப்படும் தாமரை விதை, லில்லிக் கிழங்கு, சீன இலந்தைப் பழம், உலர்ந்த லொங்கான், கோதுமைக் கஞ்சி ஆகியவற்றால் துடிப்பு திருந்துவதற்குச் சான்று இல்லை. ஆனால் உணவு அளவில் கெடுதலும் இல்லை. காய்ச்சலிலிருந்து தேறும் பிள்ளை அரிசியும் தாமரை விதையும் போட்ட கஞ்சியை விரும்பிக் குடித்தால், பாட்டியின் மனத்தை நோகடிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. லொங்கானும் இலந்தையும் சர்க்கரை மிகுந்தவை என்பது ஒன்றுதான் குறை.

குடும்பம் சீன வைத்தியரிடம் போவதென்று முடிவெடுத்துவிட்டால், சரக்குகளின் பெயரும் எடையும் எழுதிய சீட்டை வாங்கி, கஷாயத்தைக் கொடுக்கும் முன்பே இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். “கலவை எங்கள் குடும்ப ரகசியம்” என்பவரிடம் இதயக் கோளாறுள்ள பிள்ளையைக் கூட்டிப்போகக்கூடாது. எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளைத் திடீரென விட்டால் துடிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஓடும்போதோ திடுக்கிடும்போதோ மயங்கி விழுவது, குடும்பத்தில் சிறுவயதில் காரணம் தெரியாத திடீர் மரணம், பால் குடிக்காமல் வியர்த்து வெளிறிப்போன சிசு ஆகிய மூன்றுக்கும் கஷாயமோ உணவோ பதில் இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கனவே அதிமதுரம் சேர்ந்த கஷாயம் குடித்துவந்திருந்தால் அதை அங்கே சொல்லியாக வேண்டும். நிறுத்திய பிறகும் சிறுநீரகத்தில் அதன் பிடி இரண்டு வாரம் வரை விடாது என்பதால், முதல் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருந்தாலும் சில நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.